சூடேறியதும் மிஸ் அடிக்கும் பழைய மாருதி 800: பாகம் மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டின் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் ஒரே முறையில் கிளம்பிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி, வெப்ப முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகுதான் தொல்லை தொடங்கும்: ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறும், இதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கும்; மேம்பாலத்தில் ஏறினால் வண்டி வெட்டி வெட்டி ஏறும். நான்கு மாதங்களில் மூன்று பணிமனைகளுக்குப் போனேன். பிளக் இருமுறை மாறியது, கார்புரேட்டர் ஒருமுறை முழுவதும் பிரித்துக் கழுவப்பட்டது, பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஹெச்.டி. ஒயர்கள் புதிதாயின. 11,400 ரூபாய் செலவான பின்னும் நடுக்கம் அப்படியே இருந்தது.

பணிமனைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் இரவில் வண்டியை விட்டுவிட்டு வருவேன். அவர்கள் காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். அது ஒழுங்காக ஓடும். எதையாவது மாற்றிவிட்டு பில் போடுவார்கள். சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே, அது வந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பின்னர் நானே ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து கண்டுபிடித்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான்காம் படி பொருந்தாது. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்

ஒரு சிறிய நோட்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மிஸ் அடிக்கும்போதும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று, வெப்ப முள் எங்கே இருந்தது, வண்டி நின்றுகொண்டிருந்ததா அல்லது ஏற்றத்தில் இழுத்துக்கொண்டிருந்ததா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது. நின்றிருக்கும்போது மட்டும் நடுங்கி, வேகமெடுத்ததும் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு, ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலை) ஜெட் அடைப்பு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அழுத்தம்) குறைவு ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐடிலிங் நன்றாக இருந்து, ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் வெட்டினால் காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது), ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் (அதைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்புவது) கேப் என்று மின்சாரப் பக்கம் போகலாம். பெட்ரோல் போதாமல் போவதும் இந்த இடத்தில்தான் தெரியும்.

என் வண்டியில் இரண்டும் இருந்தன. மூன்று பணிமனைகளையும் குழப்பியது இதுதான் என்று இப்போது தெரிகிறது. ஒரே அறிகுறி என்று நான் சொன்னது உண்மையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்று இருந்ததால், செய்த வேலையே வீண் என்று எல்லோரும் முடிவுகட்டினோம்.

2. கருவிகளும் எச்சரிக்கையும்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ரப்பர் உறையிட்ட கட்டிங் பிளையர், நீர் தெளிக்கும் சிறிய பாட்டில், டார்ச், வெள்ளை டேப் ஆகியவை போதும். நான் வாங்கியவற்றுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய் ஆனது. கம்ப்ரஷன் கேஜை வாங்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள்.

சூடான எஞ்சினில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. மின்விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கும்; துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரை வெறுங்கையால் தொட வேண்டாம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். இந்த எஞ்சினின் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் முறை, 1-3-2. டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். இரண்டு ஒயர்களை மாற்றிச் செருகிவிட்டு இல்லாத கோளாறைத் தேடுவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. நானும் ஒரு மதியத்தை அதில் தொலைத்தேன்.

3. எந்தச் சிலிண்டர் என்று பாருங்கள்

வண்டியை ஓட்டிச் சூடாக்கி, மிஸ் அடிக்கத் தொடங்கியதும் வீட்டுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தாமல் பானெட்டைத் திறவுங்கள். ஐடிலிங்கைச் சற்றே உயர்த்திவைத்துவிட்டு, பிளையரால் ஒரு பிளக்கின் ஒயரை மட்டும் உருவி, அதன் முனை எஞ்சின் உலோகத்தை ஒட்டியே இருக்குமாறு பிடியுங்கள். எர்த் கிடைக்காமல் அந்தரத்தில் விட்டால் எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் மாட்யூல் கெடக்கூடும். வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரை உருவினால் எஞ்சின் உடனே தடுமாறும். மூன்றே சிலிண்டர் என்பதால் அணைந்துவிடவும் கூடும். எந்த ஒயரை உருவினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யாமல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

பிறகு எஞ்சினை அணைத்து, தொடும் சூட்டுக்கு ஆறவிட்டு, மூன்று பிளக்குகளையும் கழற்றி ஒரு செய்தித்தாளின் மேல் வரிசை மாறாமல் வையுங்கள். ஹெட் அலுமினியம்; கொதிக்கும் சூட்டில் பலவந்தமாகக் கழற்றினால் மரை போய்விடும். என் செய்தித்தாளில் முதல் இரண்டும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. மூன்றாவதன் பீங்கான் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். கருமையாக மசி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறியே இல்லை. பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்பதையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அது குளிரில் வேலை செய்து, சூட்டில் கைவிடும்.

மிஸ் ஒரே சிலிண்டரில் இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் உரிய பிளக், ஒயர், கேப்பில் அதன் முனை, வால்வு, மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) அதன் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். சிலிண்டர் மாறி மாறி அடித்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான காயில், ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் துண்டு), பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் சுவிட்ச்), பெட்ரோல் வழி என்று தேடுங்கள்.

4. சோக் சோதனை

காசே செலவில்லாத இந்தச் சோதனையை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் சோக் இழுக்கப்பட்டிருக்கும்போது பெட்ரோல் விகிதம் கூடுதலாக இருப்பதால், எங்காவது கசிவு வழியே கள்ளக்காற்று நுழைந்தாலும் அது தெரியாது. சூடேறி, சோக்கை உள்ளே தள்ளியதும் கலவை இளைத்து (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைந்து) அந்தக் கசிவு வெளிப்படும். சூட்டில் வந்த கோளாறு என்று நாம் நினைப்பது பல நேரங்களில் சோக் விலகியதால் வெளிப்பட்ட கோளாறுதான்.

எஞ்சின் சூடாக இருந்து மிஸ் அடிக்கும்போது, சோக் குமிழை மெல்ல ஒரு விரற்கடை இழுங்கள். நடுக்கம் அடங்கினால் கலவை இளைத்திருக்கிறது. ஐந்தாம் படிக்குப் போங்கள். நிலைமை மாறாமல் இருந்தாலோ மோசமானாலோ ஆறாம் படிக்குப் போங்கள். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சோக்கை இழுத்தால் ஐடிலிங் வேகமும் சேர்ந்து கூடும். அந்த வேகத்தாலேயே நடுக்கம் குறைந்ததுபோல் தோன்றும். எனவே, சோக் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரால் மட்டும் அதே அளவுக்கு வேகத்தைக் கூட்டியும் கேட்டுப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 பங்கு. வெறும் பெட்ரோலுக்காக அளவிடப்பட்ட ஜெட் தன் போக்கில் பழைய விகிதத்தையே கொடுப்பதால், கலவை எப்போதுமே கொஞ்சம் இளைத்திருக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டி ஆக்ஸிஜன் சென்சாரை வைத்து இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, முன்பு பொறுத்துக்கொண்ட சிறு கசிவைக்கூட எஞ்சின் இப்போது பொறுப்பதில்லை.

5. கள்ளக்காற்று நுழையும் இடம்

கார்புரேட்டரின் அடிப்பகுதி, இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட், வேக்கம் ஹோஸ்கள் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள்), டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸுக்குப் போகும் மெல்லிய குழாய், இருந்தால் பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸையும் மூக்குப் பிளையரால் துணி சுற்றி நெரியுங்கள். எதை நெரித்தால் ஓட்டம் சீராகிறதோ, அந்த வழியில் கசிவு இருக்கிறது. கேஸ்கெட் இணைப்புகளின் மேல் தண்ணீரைப் புகைபோல் மெல்லத் தெளியுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு ஓட்டத்தின் சத்தம் ஒரு கணம் மாறும். சைலன்ஸர் பக்கத்து இரும்பின் மீது தண்ணீர் படக்கூடாது. சில மெக்கானிக்குகள் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள்; சூடான எஞ்சினில் அதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

எனக்குக் கிடைத்தது மேனிஃபோல்டில் மூன்றாம் சிலிண்டர் பக்கம், பயன்படாத ஒரு குழாய் முனையை மூடியிருந்த ரப்பர் மூடி. சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றினால் தவிர கண்ணில் படாது. குளிர்ந்திருக்கும்போது இறுக்கமாக உட்கார்ந்திருந்த அது, சூட்டில் தளர்ந்து, அடிப்பக்கத்து வெடிப்பு வாய் திறந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. விரலை வைத்து அழுத்தியதும் நடுக்கம் நின்றது, எடுத்ததும் திரும்பி வந்தது. நம்ப மனமில்லாமல் ஏழெட்டு முறை செய்து பார்த்தேன். சென்னை ஜி.பி. ரோட்டில் அதை 30 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே எல்லா வேக்கம் ஹோஸையும் 350 ரூபாய்க்கு மாற்றினேன். பெட்ரோல் ஹோஸையும் பழையது என்றால் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்; பழைய ரப்பர் உள்ளுக்குள் உரிந்து ஜெட்டை அடைக்கும்.

கசிவை அடைத்த பின்பே ஐடிலிங் திருகைத் தொடுங்கள். கசிவு இருக்கும்போதே திருகிக் கலவையைக் கூட்டி நடுக்கத்தை மறைப்பது பரவலான பழக்கம். அடுத்த புகைச் சோதனையில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

6. பொறி: காயில், கேப், ஒயர்

ஐடிலிங் சரியான பிறகும் மேம்பாலத்தில் வெட்டுவது நிற்கவில்லை. முதலில் இருட்டில் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு, அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சினின் ஒயர்கள் மீதும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மீதும் லேசாக நீர்ப்புகை தெளித்தேன். கசியும் இடம் இருந்தால் நீல நிற நூல்போல் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். என் ஒயர்கள் புதியவை என்பதால் எதுவும் தெரியவில்லை. கேப்பைக் கழற்றி உட்புறத்தில் பென்சில் கோடுபோல் கரிக்கோடு ஓடுகிறதா, நடுவில் இருக்கும் கார்பன் முளை தேய்ந்திருக்கிறதா, ரோட்டாரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பாயிண்ட் இருந்தால் அதன் இடைவெளியை வண்டிக் கையேட்டிலுள்ள அளவுக்கு வைத்து, பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். சூட்டில் கைவிடுவதில் கண்டென்சர் பெயர் போனது. பாயிண்ட் இல்லாத வண்டியில் அதன் வேலையைச் செய்யப் பிக்கப், மாட்யூல் என்ற மின்னணுப் பாகங்கள் இருக்கும்; அவையும் சூட்டில் கெடும், விலையும் அதிகம். அவற்றைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

அடுத்தது காயில். மிஸ் அடிக்கும்போதே வண்டியை ஓரம் கட்டி, ஈரத்துணியைப் பிழிந்து காயிலின் உலோக உடலில் மட்டும் சுற்றி, மேல்முனையில் ஈரம் படாமல் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் அதே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். சரியாக ஏறினால் காயில்தான் பெரும்பாலும் குற்றவாளி. மல்டிமீட்டரை மட்டும் நம்பி முடிவுகட்டாதீர்கள். செம்புக் கம்பியின் மின்தடை சூட்டில் கூடுவது இயல்பு. 25 டிகிரியில் 3 ஓம் காட்டும் பிரைமரி (காயிலுக்குள் இருக்கும் தடித்த கம்பிச் சுற்று), 75 டிகிரியில் 3.6 ஓம் காட்டும். அதைக் கோளாறு என்று எண்ணி நல்ல காயிலைத் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. மெல்லிய கம்பிச் சுற்றான செகண்டரி பக்கத்தில், குளிரில் நிலையாக இருந்த அளவு சூட்டில் தாவினாலோ முடிவிலி காட்டினாலோ சந்தேகமில்லை. ஆனால் மீட்டர் நல்லது என்று சொன்ன காயிலும் உயர் மின்னழுத்தத்தில் உள்ளுக்குள் கசியலாம். நல்லதென்று தெரிந்த இன்னொரு காயிலை இரவல் வாங்கி மாட்டி, அதே வழியில் ஓட்டிப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

காயில் வாங்கும்போது பழைய காயிலையும் ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலையும் கையோடு கொண்டுபோங்கள். தயாரிப்பு மாதமும் ஆண்டும் இல்லாமல் கடைக்காரர் பொருத்தம் சொல்ல முடியாது. ஒரே பெயர் கொண்ட வண்டியில் இடையிடையே பாகங்கள் மாறியிருக்கின்றன. 3 ஓம் காயில் இருந்த இடத்தில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் மின்னோட்டம் ஏறத்தாழ 4 ஆம்பியரிலிருந்து 8 ஆம்பியராகும். புதுக் காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும், ஒரு மாதத்தில் பழைய கதை திரும்பும். பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய காயில் பாதி விலைக்குக் கிடைக்கும். சூட்டில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கடை வாசலில் சோதிக்க வழியில்லாததால் நான் வாங்கவில்லை. புதிதுக்கு 950 ரூபாய் கொடுத்தேன். எஞ்சின் அணைந்த நிலையில் சாவியை ஆன் செய்தே விட்டுவைத்து ரேடியோ கேட்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துவிடும்.

7. பெட்ரோல் வழி

வெயிலில் ஓட்டிவந்து, பத்து இருபது நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் எடுக்கும்போது மட்டும் தொல்லை என்றால், பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆகிறது. பெட்ரோல் குழாய் சைலன்ஸர் பக்கம் உரசிப் போகிறதா, டாங்குக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு முன்பு பிரித்துச் சேர்த்தபோது விடுபட்டுவிட்டதா என்று பாருங்கள்.

சூட்டுக்குத் தொடர்பே இல்லாமல் சூட்டுக் கோளாறுபோல் நடிப்பது டாங்க் மூடி. அதன் காற்றுத் துளை அடைத்திருந்தால், இருபது நிமிட ஓட்டத்தில் டாங்கில் வெற்றிடம் உருவாகிப் பெட்ரோல் ஏறாது. மிஸ் அடிக்கும்போது மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டியும் சரியானால் வேலை முடிந்தது.

8. கம்ப்ரஷன்

மேற்கண்ட எதிலும் அகப்படாவிட்டால் மட்டும் இதற்கு வாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க, மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பைத் துண்டித்து, இரவல் வாங்கிய கேஜை ஒவ்வொரு பிளக் துளையாக வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்தால் டேப்பட் (வால்வு) இடைவெளியைச் சோதித்து, பிறகு ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குறைந்து, கூலண்டும் தேய்ந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட். அது பணிமனை வேலை.

9. புகைச் சான்றும் ஆர்.சி. புதுப்பித்தலும்

மிஸ் அடிக்கும் வண்டியை மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஓட்டினாலும், புகைச் சோதனையில் நிற்காது. பாரத் ஸ்டேஜ் 2 என்ற மாசு விதிக்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) என்பது வரம்பு. மிஸ் ஆகும் சிலிண்டரிலிருந்து பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுவதால் இரண்டாவது எண் எகிறும். அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது ஒரு நோயறிதல் அறிக்கையும்கூட. ஹைட்ரோகார்பன் அதிகமாகவும் கார்பன் மோனாக்சைடு குறைவாகவும் இருந்தால் கலவை இளைத்தோ பொறி தவறியோ மிஸ் ஆகிறது. இரண்டும் அதிகமென்றால் கலவை கொழுத்திருக்கிறது. என் பழைய சீட்டில் முதல் வகைதான் இருந்தது. நான்கு மாதம் டாஷ்போர்டுக்குள்ளேயே கிடந்தது, யாரும் படிக்கவில்லை. இந்த வயது வண்டிக்குச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

ஆர்.சி. முடிவதற்கு முன் 60 நாள்களுக்குள் படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம், மூல ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று வேண்டும், வண்டியை ஆய்வுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காருக்குப் புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. தாமதித்தால் மாதந்தோறும் அபராதம் ஏறும். இந்தத் தொகையைக் கட்டும் முன் கோளாறைத் தீர்த்துவிடுவது நல்லது என்பதால், மேலுள்ள சோதனைகளை ஆர்.சி. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். குறிப்பு எழுத மூன்று நாள், சோதனைக்கு இரண்டு விடுமுறை நாள், பாகம் தேட ஒரு வாரம் என்று எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஆய்வு நாளன்று வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கியே கொண்டுபோங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்காமல் ஐடிலிங்கில் விட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். மிச்சமிருக்கும் கோளாறு எதுவானாலும் அங்கேயே தெரிந்துவிடும், ஆய்வாளர் வருவதற்குள் வரிசையிலிருந்து விலகி வேறு நாள் வாங்கிக்கொள்ளலாம்.